நேராகப் பார்க்கச் சொன்ன அறை

கதிர்வீச்சுப் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. மகளின் தோளைப் பிடித்துப் படியிறங்கிய தையற்காரம்மாவுக்கு, மருந்து நெடியோடு பழைய தலையெண்ணெய் வாசனையும் வந்தது.

அவளுக்கு மட்டும்.

வயதானால் வரும் விழித்திரைத் தேய்வில் ஒரு கண் போய்விட்டது. மிச்சக் கண்ணிலும் நட்டநடுவில் கறுப்புத் திட்டு. எதையும் ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள்.

"என்கிட்ட பேசறியா, செவுத்துகிட்ட பேசறியாம்மா?" என்று மகள் சீண்டினாள்.

"செவுரு எதிர்த்துப் பேசாதுடி."

ஓரக்கண்ணுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, கண்ணுங்களா. மகளிடம்கூட அவள் சொல்லாதது. திட்டுக்குள், அதே தலையெண்ணெய் வாசனையோடு, செத்துப்போன நாத்தனார் நின்றாள். உயிரோடு இருந்தபோதே அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க இவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"போன பார்வை திரும்பாது. கதிர் வச்சா, இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்," என்றிருந்தார் டாக்டர்.

டெக்னீஷியன் அவள் தலையைப் பட்டையால் இறுக்கினான். "எதிர்ல சிவப்பு வெளிச்சம் இருக்கும், அதையே பாருங்கம்மா. வெளியே திரையில உங்க கண்ணையேதான் பார்த்துக்கிட்டிருப்பேன்."

கனத்த கதவு மூடிக்கொண்டது.

வழக்கம்போல வெளிச்சத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் அவளுக்கு அது தெரிந்தது.

"கண்ணு விலகுது," என்றது ஒலிபெருக்கி. "நேரா பாருங்க. விலகினா மெஷின் நின்னுடும்."

நேராக.

வெளிச்சம் திட்டுக்குப் பின்னால் மறைந்தது. நாத்தனார் தெரிந்தாள்.

எண்ணெய் வாசனை மூக்கை அடைத்தது.

"ஒருவழியா பார்த்துட்டியா," என்று கிசுகிசுத்தாள் நாத்தனார். "என்னைக் கொளுத்தவா வந்தே?"

அந்த முகம் நெருங்கியது. குளிர்ந்த மூச்சு விழியில் பட்டது. தலையைத் திருப்ப வழியில்லை. கண்ணை விலக்கினால் இந்தக் கண்ணும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான், அண்ணி. போயிடுங்க."

"போறேன். ஊர்ல வேற கண்ணா இல்லை?"

இயந்திரம் உறுமி ஓய்ந்தது.

திட்டு அப்படியே இருந்தது. உள்ளே யாருமில்லை. வெறும் இருட்டு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

டெக்னீஷியன் உள்ளே வந்து பட்டையை அவிழ்த்தான். விரல்கள் தடுமாறின. அவன் சட்டையில் அந்த எண்ணெய் வாசனை. தலையைச் சாய்த்து, அவளை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஏம்ப்பா அப்படிப் பார்க்கறே?"

"நேரா பார்த்தா உங்க முகம் தெரியலம்மா." அவன் குரல் இறங்கியது. "நடுவுல யாரோ ஒரு அம்மா நிக்கிறாங்க."