ஏழாம் கட்டிலில் யார்?

"ம்ம்ம்ம்..."

மறுபடியும் அந்த முனகல். ஏழாம் கட்டிலை ஒட்டிய சுவரிலிருந்துதான் வந்தது. சுவர் எங்கேயாவது முனகுமா? வினிதா ஸ்டூலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

காரைக்காலில் காலையிலிருந்து விடாத மழை. பொழுது சாயும் நேரம்தான். ஆனாலும் ஆஸ்பத்திரி வார்டில் கும்மிருட்டு. கரண்டு வேறு போய்விட்டது. தூரத்து மூலையில் ஒரே ஒரு எமர்ஜென்சி விளக்கு அழுது வடிந்தது.

வினிதாவின் அப்பா நாகராஜ், கிளிஞ்சல்மேட்டு மீனவர். காலில் கெளுத்தி முள் குத்திய புண் ஆறவேயில்லை. சர்க்கரை வியாதியும் உண்டு. அதனால் ஏழாம் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா இட்லி வாங்கப் போயிருந்தாள்.

"இந்தக் கட்டில்ல இருந்தவரு போன வாரம்தான் செத்துப்போனாராம். அவருதான் முனகுறாராம்" என்றார் அப்பா. போர்வை அவர் மூக்கு வரை ஏறியிருந்தது.

"என்னப்பா நீங்க! நடுக்கடல்ல புயலையே பாத்தவங்க, பேய்க்குப் போயி பயப்படுறீங்களே?"

"புயல் கண்ணுக்குத் தெரியும்டி. இது தெரிய மாட்டேங்குதே!"

பக்கத்து ஆறாம் கட்டிலில் ஒரே சிரிப்பு. அங்கே இருந்தவர் சிவநாதன், குரும்பகரத்து விவசாயி. வயிற்றுவலியால் காலையிலிருந்து ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை, பாவம்.

"ராத்திரியில தனியா வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறவன் நான். எனக்கு என்ன பயம்? நீங்க இங்க வந்து படுங்க. நான் அங்க போறேன்" என்றார்.

கட்டில் மாறியாயிற்று.

"சிஸ்டர்கிட்ட மூச்சு விடாத. கடலுக்குப் போறவன் பேய்க்குப் பயந்தான்னு ஊரே சிரிக்கும். சத்தியம் பண்ணு!" என்றார் அப்பா. வினிதாவும் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் தூங்கிப்போனார்கள். வினிதா மட்டும் விழித்திருந்தாள். அப்போதுதான் வாசலில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

அது உள்ளே வந்தது. மழைச் சத்தத்தில் காலடி ஓசையே கேட்கவில்லை. மற்ற கட்டில்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக ஏழாம் கட்டிலுக்குப் போய்க் குனிந்தது.

ஐயோ! செத்தவர் தன் கட்டிலைத் தேடி வந்துவிட்டாரா?

பளிச்சென்று கைப்பேசி வெளிச்சம். அட, கீர்த்திகா சிஸ்டர்! வினிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாகராஜ்தானேங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ம்ம்..." என்றார் சிவநாதன், தூக்கக் கலக்கத்தில்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற சர்க்கரை ஊசி, இன்சுலின். கையக் காட்டுங்க."

வினிதா துள்ளி எழுந்தாள். ஒருநாள் வீட்டில் அப்பா இதே ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, அப்படியே சுருண்டு விழுந்தார். சர்க்கரை இருக்கிற அப்பாவுக்கே அந்தக் கதி. வியாதியே இல்லாத, வெறும் வயிற்றோடு இருக்கிற சிவநாதன் என்ன ஆவார்?

ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறாளே! வினிதா அப்பாவைப் பார்த்தாள். ஊர் சிரித்தால் அப்பாவுக்கு வெட்கம்தான். ஊசி ஏறினால் சிவநாதன் எழுந்திருக்கவே மாட்டாரே!

முனகும் சுவரை உரசிக்கொண்டே ஓடினாள்.

"சிஸ்டர், போடாதீங்க! அது எங்கப்பா இல்ல!"

சிஸ்டரின் கை அப்படியே நின்றது. ஊசிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் இடம்தான் இருந்தது.

நடந்ததை வினிதா மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். சிஸ்டருக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"நீ மட்டும் கத்தலேன்னா..." சிஸ்டர் ஊசியை மூடித் தட்டில் வைத்தார். "அவசரத்துல நானே பேரச் சொல்லிட்டேன். அவங்க வாயால சொல்ல வெச்சிருக்கணும். தப்பு என்னுது."

சத்தத்தில் விழித்துக்கொண்ட அப்பா தலையைக் குனிந்தார். "இல்ல சிஸ்டர். நான்தான் பயந்துகிட்டு கட்டில மாத்துனேன்."

சிவநாதன் ஊசியைப் பார்த்தார். "ஆத்தாடி!" என்று எழுந்து ஆறாம் கட்டிலுக்கே ஓடிவிட்டார்.

அப்பா மெதுவாக ஏழாம் கட்டிலுக்குத் திரும்பினார். சிஸ்டர் புது ஊசி எடுத்து வந்தார்.

"இப்ப நீங்களே உங்க பேரச் சொல்லுங்க."

அப்பா வாயைத் திறக்குமுன் சுவர் முந்திக்கொண்டது.

"ம்ம்ம்ம்..."

வயலுக்குத் தனியாகப் போகும் சிவநாதன் தலையோடு போர்வையை இழுத்துக்கொண்டார். சிஸ்டர்கூட ஓரடி பின்வாங்கினார். ஆனால் அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரை முறைத்தார்.

"இனிமே 'ம்ம்'னு சொன்னா நான் யாருக்கும் ஊசி போடுறதா இல்ல. பேரச் சொல்லணும்!"

சுவர் பதில் சொல்லவில்லை. வினிதா அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கப்பா."

"நாகராஜ்! கிளிஞ்சல்மேட்டு சிங்காரவேலு மகன் நாகராஜ்!" என்றார் அப்பா, அடுத்த படகுக்காரரைக் கூப்பிடுகிற குரலில். இட்லிப் பொட்டலத்தோடு வந்த அம்மா திடுக்கிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அதற்கப்புறம் அந்தச் சுவர் வாயையே திறக்கவில்லை.