பத்து டிகிரி பிசகு

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் அவள் நேராக அவன் மேலேயே மோதினாள். கையிலிருந்த பாட்டிலின் மூடி 'டப்' என்று தெறித்தது. அடுத்த நொடி ஓரினின் சட்டை முழுக்க நுரை!

"ஐயோ... ஸாரி!" என்றாள். உடனே எதற்கு வந்தோம் என்று ஞாபகம் வந்தவளாய் முகத்தை இறுக்கிக்கொண்டாள். "இல்ல... ஸாரி எல்லாம் கிடையாது. உங்க கடை மால்ட்டாலதான் எல்லாமே கெட்டுது. நீங்களே குடிச்சுப் பாருங்க."

"சட்டையைப் பிழிஞ்சா ஒரு கிளாஸ் தேறும். அதையே குடிக்கட்டுமா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

வெளியே மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. டென்வரில் அந்த வருஷத்தின் முதல் பனி. அவள் இமைகளில் இரண்டு துளி... விழலாமா, வேண்டாமா என்று தயங்கி நின்றன. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியும் ஈஸ்ட்டும் விற்கும் அந்தக் கடையில் எட்டு வருஷமாக நிற்கும் ஓரின், மூட்டையின் விலை கேட்ட இன்னொருவருக்குப் பதில் சொல்ல மறந்து நின்றான்.

பாட்டிலில் மிஞ்சியதைக் குடித்துப் பார்த்தான். "தண்ணி மாதிரி இருக்கு. ஆனா ஏறுது."

"அதேதான்! எங்கப்பா காய்ச்சினா கெட்டியா, கொஞ்சம் இனிப்பா இருக்கும். அவர் கணக்குப்படிதான் நானும் செஞ்சேன்..." குரல் இறங்கியது. "நியூ ஆர்லியன்ஸை விட்டு இங்க வேலைக்கு வந்ததுல அப்பாவுக்குக் கோபம். ஒரு வருஷமாப் பேசல. இப்ப நவம்பர் கடைசியில வர்ற நன்றித் திருநாளுக்கு வரேன்னு சொல்லியிருக்கார். 'நம்ம வீட்டு பீர் காய்ச்சி வை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. இதை எப்படிங்க அவர் முன்னாடி வைக்கிறது?"

அவள் பெயர் டெலியா. அதைக் கேட்டு வாங்கவே ஓரினுக்கு ரசீது புத்தகம் தேவைப்பட்டது.

"மால்ட்டை எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீர்ல ஊறப் போட்டீங்க?"

"நூத்தி ஐம்பத்திரண்டு. துளி பிசகல."

"தெர்மாமீட்டர் சரியா..."

"அது எங்கப்பாவோடது!" கண்கள் பளிச்சென்று எரிந்தன. "இங்க வந்ததும் கொதிக்கிற தண்ணியில வச்சுப் பார்த்தேன். இருநூத்திப் பன்னெண்டு காட்டணும்; இருநூத்தி ரெண்டுதான் காட்டுச்சு. வர்ற வழியில அடிபட்டிருக்கும். அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரியே, பின்னாடி இருக்கிற திருகைத் திருப்பி, கரெக்டா இருநூத்திப் பன்னெண்டுல நிறுத்தினேன். அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசாதீங்க."

ஓரினுக்குப் பிசகு எங்கே என்று புரிந்துவிட்டது.

சொல்லிவிடலாமா? ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் பீர் சரியாகிவிடும். பிறகு இந்தக் கண்கள் எதற்கு இங்கே வரப்போகின்றன?

"மால்ட்டைக் கொஞ்சம் நைஸா அரைச்சுப் பார்ப்போமா?" என்றான். தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று அவனுக்கே சந்தேகமாயிருந்தது.

டெலியா அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.

"இவ்வளவு தூரம் ரெண்டு பஸ் மாறியா வரீங்க?"

"என்ன செய்ய? எங்க பக்கம் கடையே இல்ல."

இரண்டாவது முறை காய்ச்சியதும் தண்ணீராகவே இருந்தது. "தண்ணியை மாத்திப் பாருங்க" என்றான். "உங்களை மாத்தினா சரியாயிடும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். ராத்திரி ஓரினுக்குத் தூக்கமில்லை. இது அன்பா, அயோக்கியத்தனமா?

நவம்பர் முதல் சனிக்கிழமை. இன்றைக்குக் காய்ச்சினால்தான் திருநாளுக்குள் பீர் பக்குவமாகும். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று ஓரின் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோதே, கல்லாவில் இருந்த முதலாளியம்மா வெர்னாவிடம் டெலியா புலம்பத் தொடங்கிவிட்டாள். வெர்னா கைகொட்டிச் சிரித்தாள்.

"அடிப் பொண்ணே! இருநூத்திப் பன்னெண்டெல்லாம் உங்க கடலோர ஊர்ல. இது ஒரு மைல் உசரம். இங்க தண்ணி இருநூத்தி ரெண்டுலயே கொதிச்சிடும். சரியா இருந்ததைத் திருகித் தப்பாக்கிட்டே. அது நூத்தி ஐம்பத்திரண்டுன்னு காட்டும்போது நிஜத்துல நூத்தி நாப்பத்திரண்டுதான். சூடு குறைஞ்சா இனிப்பு மொத்தமும் போதையா மாறிடும்; பீர் தண்ணியாகாம என்ன ஆகும்? கீழேருந்து வர்றவங்க எல்லாரும் பண்றதுதான். ஏன், நம்ம ஓரின் சொல்லலையா? அவன் இந்த ஊர்லயே பொறந்தவனாச்சே!"

டெலியா திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"...தெரியும்."

"முதல் நாளே?"

அவன் தலை குனிந்தான். அவள் மால்ட்டைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு தோளில் மால்ட் மூட்டையும் கையில் ஐஸ் வாளியுமாக, ரசீதில் இருந்த விலாசத்தில் நின்றான் ஓரின். கதவைத் தட்டப் போனவன் எதிர்ச் சாரியைப் பார்த்துத் திகைத்தான். 'வீட்டில் பீர் காய்ச்சத் தேவையான அனைத்தும்' என்று ஆளுயரப் பலகை!

கதவு திறந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன.

"எதுக்கு வந்தீங்க? என்னைப் பார்த்தா கேலியா இருக்கா?"

"ஐஸ்ல வச்சுப் பாருங்க. கொதிக்கிற தண்ணிதான் ஊருக்கு ஊர் மாறும். ஐஸ் எங்க போனாலும் முப்பத்திரண்டுதான்."

அவள் மனசு எதைச் செய்வதென்று தெரியாமல் தவித்தது. கதவைச் சாத்த வேண்டும்... ஆனால் பீர்? பீருக்காக மட்டும்தானா? அவனை அடுப்பங்கரைக்குள் விட்டு, தெர்மாமீட்டரை ஐஸில் அமிழ்த்தினாள். முள் நாற்பத்திரண்டில் நின்றது. அவன் திருகைப் பிடிக்க, அவள் முகப்பைப் பிடிக்க, விரல்கள் பட்டும் படாமலும்... முள் மெல்ல இறங்கி முப்பத்திரண்டுக்கு வந்தது.

"ஏன் சொல்லல?"

"முதல் நாள் பேச விடல. அது நீங்க. அப்புறம் சொல்லாதது நான். சொன்னா அடுத்த சனிக்கிழமை வரமாட்டீங்களேன்னு... தப்புதான் டெலியா. உங்க அப்பா விஷயத்துல விளையாடிட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத் தைரியமில்லாம ஒரு பானை பீரைக் கெடுத்துட்டேன்."

அவள் பெரிய பானையில் தண்ணீர் ஏற்றினாள். அடுப்பில் வெந்நீர் முணுமுணுத்தது.

"ஆமா... எதிர்ல ஒரு கடை இருக்கே. புதுசா?" என்றான் மெதுவாக.

அவள் முகம் குப்பென்று சிவந்தது. "நாலு வருஷமா இருக்காம்."

"அங்க மால்ட் கிடைக்காதோ?"

"கிடைக்கும். முதல் தடவை மூடியிருந்தது..."

"அப்புறம்?"

"அப்புறம் ஏன் ரெண்டு பஸ் மாறி வந்தேன்னு எனக்கே தெரியல, போதுமா? நீங்க சொன்னதையெல்லாம் நினைச்சு பஸ்ல சிரிச்சுக்கிட்டே வருவேன். வீட்டுக்கு வந்து பீரைக் குடிச்சா அழுகையா வரும்." மூட்டையை அவன் தோளிலிருந்து இழுத்தாள். "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? கொட்டுங்க. முள்ளைப் பாருங்க... என்னைப் பார்க்காதீங்க!"

திருநாள் அன்று அப்பா முதல் மடக்கை வாயிலேயே வைத்திருந்தார். டெலியா அவர் முகத்தையே பார்த்தாள். மெல்ல விழுங்கினார்.

"நம்ம வீட்டு பீர்தான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த உசரத்துல எப்படிம்மா பக்குவம் பிடிச்சே? யார் சொன்னாங்க?"

டெலியா பக்கத்தில் நின்ற ஓரினின் கையைப் பிடித்தாள். "இவர்தான்ப்பா. ஒரு மாசமா ஒண்ணுமே சொல்லாம இருந்தார். அதனாலதான் எனக்கு இவரை..." முடிக்காமல் தலை குனிந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கோர்த்திருந்த கைகளைப் பார்த்தார்.

"ஒண்ணும் புரியல" என்றபடி, காலி கிளாஸை ஓரினிடம் நீட்டினார். "ஊத்துங்க மாப்பிள்ளை."