வெள்ளைக் காரின் சூட்டுப் பெட்டி

சவிரிமுத்துவிடம் கார் இல்லை. கார் ஓட்டும் உரிமமும் இல்லை. ஐந்தாம் மாடியில், ஒன்றரை அறைக்குள் மூன்று பேராக இருக்கிறவருக்குக் காரை நிறுத்த இடம் எங்கே இருக்கப்போகிறது? ஆனாலும் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கார் என்று யாராவது வாய் திறந்தால், "சவிரி அண்ணையைக் கேளுங்கோ" என்பார்கள்.

எல்லாம் அந்தக் கோட்டு செய்த வேலை.

பெரிய ஹோட்டல் ஒன்றில் விருந்தினர்கள் கழற்றித் தரும் கோட்டுகளை வாங்கி மாட்டிவைப்பதுதான் சவிரிமுத்துவின் தொழில். அதற்காக ஹோட்டல் அவருக்கும் ஒரு கறுப்புக் கோட்டுக் கொடுத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் கத்தரிக்காய் வாங்க வந்தால், கத்தரிக்காயே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் போலிருக்கும்.

ஒருநாள் யாரோ ஒரு விருந்தினர் மறந்து விட்டுப்போன இரண்டு விளம்பரப் புத்தகங்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டிலும் சின்னஞ்சிறு சொகுசுக் கார்கள். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு.

"மதலேன், இஞ்சை வா. இதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லு."

மதலேனுக்குப் பத்து வயது. வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாடகைக் கடிதமா, மருந்துப் போத்தலா, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் அவள்தான்.

"வெள்ளைக் காருக்கு நாலு கதவாம், அப்பா."

"பிறகு?"

"கறுப்புக் காருக்கும் நாலு கதவாம்."

"அவ்வளவுதானோ?" அப்பாவின் முகம் வாடிப்போனது. நாள் முழுக்க அடுத்தவர் கோட்டைத் தூக்கிவிட்டு வந்த மனிதர். நாலு கதவு அவருக்குப் போதவில்லை.

மதலேனுக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வரியில் அவளுக்கு விளங்காத நீளமான சொற்களாக வேறு இருந்தன. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வெள்ளைக் காரிலை முன்னுக்கு ஒரு பெட்டி இருக்காம். அதுக்கை சாப்பாடு வைச்சால் சூடு ஆறாதாம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியோ! அப்ப கறுப்பு?"

"அது... மழை வரப்போகுதெண்டால் முதலே சொல்லுமாம்."

"அட கடவுளே!"

"இருக்கை வந்து, ஆளின்ரை பாரத்தைப் பாத்துத் தானா உயரம் கூடிக் குறையுமாம்."

அன்றிரவு அப்பா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அம்மா அருள்மலர் மட்டும் புத்தகத்தை ஒரு பார்வை, மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரீஸ்கந்தராசாவின் பலசரக்குக் கடைக்குள் அப்பாவோடு போனபோதுதான் மதலேனுக்கு விஷயம் விளங்கியது. கடையே இரண்டாகப் பிரிந்து நின்றது. கருவாட்டுப் பக்கம் வெள்ளைக் கார்க் கட்சி. மிளகாய்த்தூள் பக்கம் கறுப்புக் கார்க் கட்சி.

"மழையைச் சொல்லுற கார்தான் கார்!"

"மழையை வானத்தைப் பாத்தாலே தெரியும். சூட்டுப் பெட்டிக்கு எங்கை போவாய்?"

இப்படித் தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லாருடைய சட்டைப் பையிலும் மெத்ரோ ரயில் அட்டைதான் இருந்தது. நடுவில் அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீதிபதி போல நின்றார்.

மதலேன் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுடைய காது இரண்டும் சுட்டன. வீட்டுக்குள் சொன்ன ஒரு சின்னப் பொய், கால் முளைத்துக் கருவாட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் நடந்து திரிந்தது.

அப்போது கடைக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.

"சவிரி அண்ணை, எனக்கு லைசன்ஸ் கிடைச்சிட்டுது. வெள்ளையையே எடுக்கப்போறன். விடியக் காலமை மொத்தச் சந்தைக்குப் போறன், வீட்டுக்காரி கட்டித் தாற இடியப்பம் ஆறிக் கல்லாப் போகுது. உங்கடை சூட்டுப் பெட்டிதான் எனக்குச் சரி. வாற கிழமை சென் தெனியிலை இருக்கிற கார்க் கடைக்கு ஒருக்கால் வாங்கோ, ரண்டையும் பாப்பம்."

"அதுக்கென்ன தம்பி, வாறன்! பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன்."

பிள்ளை அரிசி மூட்டைக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினாள்.

அந்தக் கிழமை முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மெத்ரோவில் சென் தெனிக்குப் போகும்போது எப்படியோ தைரியத்தைத் திரட்டிக்கொண்டாள்.

"அப்பா, அந்தச் சூட்டுப் பெட்டி..."

"எல்லாம் பாடமாக்கிப்போட்டன், பிள்ளை. நீ பயப்பிடாதை." அப்பா கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "நிமிந்து இரு. நீதான் எங்கடை மொழிபெயர்ப்பாளர்."

அவள் இன்னும் குனிந்தாள்.

கார்க் கடையில் புதுக் கார்களும் இருந்தன, ஓடிய கார்களும் இருந்தன. விற்பனையாளர் மீசையை முறுக்கியபடி வந்தார். அப்பாவின் கோட்டைக் கண்டதும் நேரே அவரிடம் போய்க் கை குலுக்கினார். பணம் கொடுக்கப்போகிற ஸ்ரீஸ்கந்தராசாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவருடைய கம்பளிச் சட்டையில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளையும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மினுங்கின. அப்பா இரண்டையும் சுற்றி வந்தார். ஒரு சக்கரத்தைத் தட்டினார். ஏன் தட்டினார் என்று அவருக்கும் தெரியாது. விற்பனையாளர் மரியாதையோடு தலையசைத்தார்.

பிறகு அப்பா வெள்ளைக் காரின் முன்பக்கப் பெட்டியைத் திறந்தார். "தம்பி, இதுதான்!"

ஸ்ரீஸ்கந்தராசா தயாராகத்தான் வந்திருந்தார். கையிலிருந்த, இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கட்டிய பார்சலை எடுத்துப் பெட்டிக்குள் பக்குவமாக வைத்து மூடினார். விற்பனையாளரின் மீசை ஒரு பக்கமாக எழும்பியது.

"கேள் பிள்ளை, எவ்வளவு நேரத்துக்குச் சூடு நிக்குமெண்டு," என்றார் அப்பா.

மூன்று பேரும் மதலேனைப் பார்த்தார்கள்.

சக்கரத்தைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டு, "ரண்டு மணித்தியாலமாம்" என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை இடியப்பம் ஆறிப்போகும். செவ்வாய்க்கிழமை லா சப்பல் முழுக்க அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும்.

"அப்பா, அது கையுறை வைக்கிற பெட்டி." அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சூடு நிக்காது. நான்தான் பொய் சொன்னனான்."

"அப்ப மழை சொல்லுறது?" என்றார் அப்பா.

"அதுவும் பொய்."

"இருக்கை கூடிக் குறையிறது?"

"அதுவும்தான்."

அப்பா காரின் கதவைத் தொட்டார். "நாலு கதவு?"

"அது உண்மை, அப்பா."

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி?"

"நாலு கதவெண்டவுடனை உங்கடை முகம் வாடிப்போச்சு." அவளுக்கு அழுகை வந்தது. "எனக்கு அதைத் தாங்க ஏலாமல் போச்சு."

அப்பா வெள்ளைக் காரில் தெரிந்த தன் கோட்டைப் பார்த்தார். பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவின் பக்கம் திரும்பினார். முகத்தை நிமிர்த்தவில்லை.

"பிள்ளையிலை பிழையில்லை, தம்பி. எனக்குக் காரைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. ஓட்டவும் தெரியாது."

"அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அண்ணை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஆனால் நீங்கள் சொல்லேக்கை கேக்க நல்லா இருக்கும்."

இதைக் கேட்டு அப்பாவுக்கு ஆறுதலா, இன்னும் வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

மதலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, சந்தையிலையிருந்து காரிலை என்ன ஏத்திக்கொண்டு வருவியள்?"

"கத்தரிக்காய்ப் பெட்டி. வெங்காய மூட்டை. முருங்கைக்காய்..." ஸ்ரீஸ்கந்தராசா வெள்ளைக் காரைப் பார்த்தார். கறுப்புக் காரைப் பார்த்தார். முருங்கைக்காயின் நீளத்தை மனதுக்குள் அளந்தார். மெல்ல மெல்ல அவர் முகமும் சிவந்தது. "உண்மையைச் சொன்னால், பிள்ளை, கடை வாசலிலை நிப்பாட்டினால் வடிவா இருக்குமெண்டுதான்..."

மதலேன் விற்பனையாளரிடம் திரும்பினாள். அன்று அவள் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான்: "வெங்காய மூட்டை ஏற்றுவதற்கு எந்தக் கார் நல்லது?"

விற்பனையாளர் அவளைப் பார்த்தார். கறிவேப்பிலையைப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார். "இரண்டும் வேண்டாம், மட்மொசெல். கொல்லைப்புறம் வாருங்கள்."

அங்கே சாமான் ஏற்றுகிற ஒரு பழைய சாம்பல் நிற வான் வண்டி, ஒரு கன்னம் நசுங்கி நின்றது. கதவுகளை எண்ணுகிற நிலையில் யாரும் இல்லை. விற்பனையாளர் இயந்திரத்தை முடுக்கினார். வான் இருமியது, தும்மியது, பிறகு ஓடத் தொடங்கியது.

மதலேன் உள்ளே ஏறியதும், முன்கண்ணாடியின் கீழே இருந்த துவாரத்திலிருந்து வெப்பக் காற்று முகத்தில் அடித்தது. அவள் ஓடிப்போய் வெள்ளைக் காருக்குள் மறந்துபோன பார்சலை எடுத்துவந்து அந்தத் துவாரத்தின்மேல் வைத்தாள்.

பெரியவர்கள் விலை பேசி முடித்தபோது பார்சல் ஆவி விட்டது. நாலு பேரும் வானுக்குள் இருந்து பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். விற்பனையாளர் சொதி ஒரு துளிகூட மீசையில் படாமல் சாப்பிட்டது பெரிய வித்தைதான்.

ஒரு மாதம் கழித்து அப்பா இன்னொரு விளம்பரப் புத்தகத்தோடு வந்தார். இந்த முறை குளிர்சாதனப் பெட்டி.

"உள்ளதை மட்டும் வாசி," என்றார் கண்டிப்பாக.

மதலேன் கவனமாக வாசித்தாள். "ஒரு கதவாம், அப்பா."

அப்பாவின் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. ஆனாலும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மகளின் பக்கத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "நல்ல கதவோ எண்டு பார்."