தாடையைத் தாங்கும் கை

மயக்கம் தெளிவிக்கும் வார்டுக்கு அந்த நர்ஸ் மாற்றலாகி வந்த மூன்றாம் நாள், அவளுடைய தங்கையையே நாலாவது படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குடல்வால் ஆபரேஷன். உள்ளே போகும்போது, "மயக்கத்துல நான் எதையாவது உளறினா அம்மாகிட்ட போட்டுக்குடுத்துடாதே," என்று அக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனவள், இப்போது வாய் பிளந்து கிடந்தாள்.

பிற்பகல் வெயில் ஜன்னல் திரையில் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. ஸ்பிரிட் வாடை. தங்கையின் தொண்டையில் கரகரவென்று ஒரு குறட்டை.

நர்ஸுக்கு அந்தச் சத்தம் தெரியும். தாடை எலும்பின் உட்புறத்திலிருந்து விசிறிபோல் விரிந்து நாக்குக்குள் ஓடும் தசை ஒன்று உண்டு. நாக்கை முன்னால் இழுத்துப் பிடிப்பது அது. நாக்கின் மற்றத் தசைகள் பின்னுக்கும் மேலுக்கும் கீழுக்கும் இழுப்பவை. மயக்கத்தில் அந்த விசிறி தளர்ந்தால் நாக்கு சரிந்து மூச்சை அடைத்துவிடும். காதுகளுக்குக் கீழே இருபுறமும் விரல்களைக் கொடுத்துத் தாடையை முன்னால் தூக்கினாள். குறட்டை நின்றது. மூச்சு சீராக வந்தது.

கால் மணி நேரத்தில் தங்கை கண் திறந்தாள். நர்ஸ் கையை எடுத்தாள்.

தாடை இறங்கவில்லை.

தூக்கியபடியே நின்றது. காதுகளுக்குக் கீழே தோலில் விரல் பதிந்த குழிகள். அவை ஆழமாகிக்கொண்டே போயின.

"வாயை மூடுடி."

தங்கையின் கண்கள் மட்டும் உருண்டன. நாக்கு உதட்டைத் தாண்டி வெளியே வந்தது.

இன்னும் வந்தது.

நுனி நீலம் பாரித்தது.

"நாலாம் நம்பர்லயா போட்டாங்க?" வார்டு ஆயா பின்னால் வந்து கிசுகிசுத்தாள். "முன்னாடி ஒரு சிஸ்டர் இருந்தாங்க. டூட்டி முடிஞ்சுதுன்னு இந்தப் படுக்கையில பேஷண்டோட தாடையைத் தாங்கிட்டிருந்த கையை எடுத்துட்டாங்க. அடுத்த டூட்டி சிஸ்டர் வந்து வாங்கிக்கலை. பேஷண்ட் உயிர் போயிடுச்சு. அந்த சிஸ்டரும் ஒரு மாசத்துல செத்துட்டாங்க. இப்ப இந்தப் படுக்கையில யார் தாடையையாவது பிடிச்சா விடவே மாட்டேங்கிறாங்க."

"நான் என்ன ஆயா செய்யட்டும்? மூச்சே வரலையே!"

"டூட்டி மாறி பேஷண்டைக் கை மாத்தும்போது 'வாங்கிட்டேன்'னு சொல்வீங்களே. அதைச் சொல்லுங்க."

நர்ஸ் அந்தக் குழிகளில் விரல்களை வைத்தாள். அங்கே வேறு விரல்கள் இருந்தன. ஈரமாக, சில்லென்று.

"வாங்கிட்டேன் சிஸ்டர். நீங்க போங்க."

அந்த விரல்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டன. நாக்கு உள்ளே போனது. தங்கை இருமினாள், விம்மி அழுதாள்.

"போதும்க்கா. கையை எடு, வலிக்குது."

எடுக்கத்தான் பார்த்தாள்.

விரல்கள் அசையவில்லை. அவற்றின் மேல் அதே சில்லென்ற விரல்கள் வந்து படிந்து, அழுத்தின.

"ஆயா, நீங்க வாங்கிட்டேன்னு சொல்லுங்க. ஆயா!"

அந்த வார்த்தை வந்துவிடாதபடி ஆயா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கதவை நோக்கிப் பின்வாங்கினாள்.

தங்கையின் நாக்கு மெல்ல உதட்டைத் தாண்டியது.