ஏழாண்டுக்கு ஒரு விடுமுறை

விடுமுறைப் படகு வரும் நாளில் புன்னைத்துறை மக்கள் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டையைப் பார்ப்பார்கள். அதில் பெரிய எழுத்தில் பெயர் எழுதிய அட்டை குத்தியிருக்கும். முதல் ஆண்டு அந்த ஏற்பாடு இல்லை. தன் மகன் வரவில்லை என்று அழுதுகொண்டே திரும்பிய ஒரு தாயின் பின்னால், நரைத்த தாடியோடு அவன் "அம்மா, அம்மா" என்று ஓடியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் பெயரட்டை வந்தது.

கஸ்பாருக்கு முப்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். படகின் கம்பியைப் பற்றிக்கொண்டு நிதானமாக இறங்கிய பெண்மணியைத் தாண்டி, அடுத்து யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான். பிறகுதான் அவள் அட்டையைப் படித்தான். எமில்டா கஸ்பார். அவன் மனைவி.

"நீ அப்படியே இருக்க" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்லி வந்தாள். மாற்றிச் சொன்னது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நெற்பயிரைக் கருகல் நோய் தின்னத் தொடங்கியபோது கடலுக்குள் விரைபுலத்தை அமைத்தார்கள். ஊரில் எல்லோரும் அதை ஃபீல்டு என்பார்கள். வெளியே ஓராண்டு கழிந்தால் உள்ளே ஏழாண்டு கழியும். பஞ்சம் முந்துவதற்குள் மருந்தைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கவில்லை. புலத்தின் சுவர் ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும். இடையில் கடிதம் இல்லை, பேச்சு இல்லை. பயிர்நோய் ஆராய்ச்சியாளரான எமில்டா உள்ளே போனபோது கஸ்பாரைவிட இரண்டு வயது இளையவள். இது அவளுடைய மூன்றாவது விடுமுறை. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது.

விடுமுறைக்காரர்கள் அமைதியாக இருக்கட்டும் என்று புன்னைத்துறைக்குள் வண்டிகள் ஓடுவதை நிறுத்தியிருந்தார்கள். இருவரும் வாடகை வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாதா கோயில் கோபுரத்துக்குப் பாதி வரைதான் வெள்ளையடித்திருந்தது.

"இன்னுமா முடிக்கல?" என்றாள் எமில்டா.

"போன வருஷந்தான ஆரம்பிச்சாங்க."

தேநீர்க் கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே, "வாங்கக்கா, போன தடவ மாதிரி சீனி கம்மியாத்தான?" என்றார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அந்த மனிதர் யாரென்று அவளுக்கு நினைவில்லை என்பது கஸ்பாருக்குப் புரிந்தது.

அவன் கேட்க நினைத்ததை நாலைந்து நாள் தள்ளிப்போட்டான். ஒரு மாலை, அலை உள்வாங்கியிருந்த நேரத்தில், கேட்டே விட்டான்.

"என்ன முடிவு பண்ண, எமி?"

"என்னத்தப் பத்தி?"

அவன் கடலைப் பார்த்தான். போன விடுமுறையின் கடைசி நாளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தான். போதும், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடு, ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்ப்போம் என்று. யோசித்து அடுத்த முறை சொல்கிறேன் என்று அவள் அழுதாள். அந்தப் பதிலுக்காகத்தான் அவன் இந்த ஓராண்டைத் தள்ளினான். மாடி அறையைக் காலிசெய்து மஞ்சள் வண்ணம்கூட அடித்து வைத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல" என்றான்.

மறுநாள் மதியம் அவன் சோறு வடித்தான். மூன்றாண்டு மரவள்ளிக் கிழங்குக்குப் பிறகு, போன படகில் வந்த விதையிலிருந்து விளைந்த முதல் அரிசி. அவளுக்காகவே ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தான். மீன் குழம்பை ஊற்றி அவள் முன்னால் தட்டை வைத்தான்.

"நீ கண்டுபிடிச்ச அரிசி. கடையில வாரவங்ககிட்டல்லாம் சொல்லுதேன், என் பொண்டாட்டி செஞ்சதுன்னு."

எமில்டா சோற்றில் கைவைக்கவில்லை.

"நான் இல்ல. கோதண்டம்னு ஒருத்தர். அவருதான் கண்டுபிடிச்சது."

"உங்க டீம்ல பெரியவருன்னு சொன்னியே, அவரா?"

"ஆமா." தட்டைச் சற்று நகர்த்தி வைத்தாள். "போன தடவ உன்னப் பாத்துட்டுப் போனதுக்கு மறு வருஷம் அவரும் நானும் சேந்து இருக்க ஆரம்பிச்சோம். அஞ்சு வருஷம். போன மழைக்காலத்துல இறந்துட்டாரு. ஈரல்ல கட்டி."

கஸ்பார் எழுந்து சன்னலருகே போனான். அவள் வேறொருவரோடு வாழத் தொடங்கியபோது தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தான். மாடியில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்திருக்கலாம். வண்ணம் காய்ந்து, கடையில் புதுச் சரக்கு வந்து, சித்தப்பா மகள் கல்யாணமும் முடிவதற்குள் ஒரு குடித்தனம் தொடங்கி முடிந்துவிட்டது. கோபம் வந்தது. கோபப்பட அந்த ஆள் உயிரோடு இல்லை.

"உனக்குத் துரோகம் பண்ணணும்னு பண்ணல" என்றாள் அவள். "அவரு இருக்கும்போதே உங்கிட்டச் சொல்லணும்னு நெனச்சேன். கதவு தொறக்கதுக்குள்ள போயிட்டாரு. அங்க அழ விடமாட்டாங்க. நோய் இப்ப வாழைக்கும் தென்னைக்கும் பரவிட்டு. எல்லாரும் வேல வேலன்னு ஓடுதாங்க. எங்க போயி அழ?"

அவன் திரும்பி வந்து அவள் அருகில் உட்கார்ந்தான். அவள் அவன் தோளில் சாய்ந்து இன்னொரு மனிதருக்காக அழுதாள். அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். குழம்பு ஆறிப்போயிற்று.

மீதி நாட்களில் அவள் கோதண்டத்தைப் பற்றிப் பேசினாள். அவன் கேட்டான். அவர் சத்தமாகத் தும்முவாராம். சமைக்கத் தெரியாதாம். கோயில் சாமியாரிடம் பெயர் கொடுத்து, அவருக்காக ஒரு பூசையும் வைத்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்த பெண் கஸ்பாரிடம், "தகப்பனாருக்கா தம்பி?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று மட்டும் சொன்னான்.

கடைசி நாள் காலை எமில்டா பெட்டியில் துணிகளை அடுக்கினாள். நிமிராமலே பேசினாள்.

"நீ வேற கல்யாணம் பண்ணிக்க, கஸ்பார். விவாகரத்துக்குச் சம்மதம்னு நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன். அடுத்த தடவ நான் வரும்போது எனக்கு அம்பத்தாறு வயசு. உனக்கு எதுக்கு இது? கொஞ்ச நாளாச்சுன்னா மறந்துரும். எனக்கு மறக்கலியா?"

"உனக்கு ஏழு வருஷம் இருந்துச்சு, எமி" என்றான் அவன். "எனக்கு ஒரு வருஷந்தான இருக்கு. அதுக்குள்ள உன்ன எப்படி மறக்க?"

அவள் கையில் இருந்த புடவை பாதி மடிப்பில் நின்றது. பிறகு அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.