ஆயத்தமானியில் நாற்பத்தொன்று

"தயார்நிலை நாற்பத்தொன்று. எழுபது வேண்டும். விலகி நில்லுங்கள்." ஒன்பதாம் வகுப்புக் கதவு இன்றும் உடற்பயிற்சி ஆசிரியை மரிய புஷ்பத்தை விரட்டியது.

மணிக்கட்டில் கிடந்த ஆயத்தமானியைக் கழற்றி வீசலாம் போல அவளுக்கு எரிச்சல் வந்தது. உடற்பயிற்சி ஆசிரியர்களே சுகாதாரப் பாடமும் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, யார் தயார் என்று கண்டுபிடிக்கக் கொடுத்த கருவி அது. நாடியையும் வியர்வையையும் வைத்து, ஆசிரியருக்கு எவ்வளவு தைரியம் இருக்கிறது என்று அளக்கும். என்ன தெரியும் என்று அளக்காது. அந்தச் சின்ன விஷயம் எந்த அதிகாரிக்கும் உறைக்கவில்லை.

புஷ்பம் மாங்கு மாங்கென்று படித்தாள். படிக்கப் படிக்கச் சந்தேகம் கூடியது, எண் இறங்கியது. அவள் வகுப்பை இன்னொரு பி.டி. மாஸ்டர் தவசிமுத்துவிடம் கொடுத்துவிட்டார்கள். புத்தகத்தைத் தொடாமலே அவருக்குத் தொண்ணூற்றெட்டு.

"வலிப்பு வந்தா கையில இரும்பக் குடு, வாயில தண்ணிய ஊத்து. அம்புட்டுதான் பாடம்!" என்று வகுப்புக்குள் முழங்கினார்.

"பிள்ளையளக் கொல்லப் போறீரு!" என்று கதவுக் கண்ணாடி வழியே கத்தினாள் புஷ்பம்.

"நாப்பத்தொண்ணுலாம் பேசப்படாது டீச்சர். போயி மைதானத்துல கோடு போடுங்க."

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் தவசிமுத்து விறைத்துச் சரிந்தார். கைகால் வெட்டி இழுத்தது.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க! வாயில எதையும் ஊத்தாதீங்க!"

தண்ணீர் பாட்டிலோடு எழுந்த மாணவி ரோஸ்லின் புஷ்பத்தின் மணிக்கட்டைப் பார்த்தாள். "டீச்சருக்கு நாப்பத்தொண்ணுதாம்ட்டி," என்று மூடியைத் திருகினாள். "இரும்பத் தேடுங்க!"

வராந்தாவில் குண்டெறிதலுக்கான இரும்புக் குண்டு ஒன்று கிடந்தது. புஷ்பம் அதைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கி, குண்டு உள்ளே உருண்டது. கையை நுழைத்துத் தாழ்ப்பாளை நீக்கி ஓடியவள், பாட்டிலைத் தட்டிவிட்டு அவரை ஒருக்களித்துக் கிடத்தினாள். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. அதற்குள் பிள்ளைகள் குண்டை அவர் உள்ளங்கையில் திணித்திருந்தார்கள்.

அரைமணியில் தெளிந்த தவசிமுத்து முதலில் பார்த்தது அதைத்தான். "பாத்தியளா? நான் சொன்னேம்லா!" அவருடைய ஆயத்தமானி நூறு காட்டியது.

வகுப்புக்கு ஓர் இரும்புக் குண்டு வைக்கத் தலைமையாசிரியை உத்தரவிட்டார். உடைந்த கண்ணாடிக்கு விளக்கம் கேட்டுப் புஷ்பத்துக்குக் கடிதம் வந்தது. அவளோ, ஒரு வாய்த் தண்ணீர் அவர் தொண்டைக்குள் போயிருக்குமோ என்றே கவலைப்பட்டாள். எண் முப்பத்தொன்பதுக்கு இறங்கியது.

குண்டுகளைச் சுமந்து வகுப்பு வகுப்பாக வைக்க எழுபது தேவையில்லை. அந்த வேலையை அவளிடமே கொடுத்தார்கள்.