சத்தம் போட்டால் அவுட்

அவளை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டை அப்படி. அவள் ஒரு முறை கத்தினால் மூன்றாவது மாடிக் காக்கைகூட இடம் மாறி உட்காரும். அந்தத் தொண்டையால்தான் அன்று வினை வந்தது.

குடியிருப்பின் நடு முற்றத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. இரவுப் பேருந்து ஓட்டும் மாமா சிவந்த கண்களோடு வெளியே வந்தார். அவருக்குப் பகலில்தான் தூக்கம். இனிமேல் முற்றத்தைப் பூட்டிவைக்கும்படி காவலாளியிடம் சொல்லப்போவதாகச் சொன்னார்.

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. முற்றம் போனால் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மாமா கல்நெஞ்சக்காரர் என்று முணுமுணுத்தான் ஒல்லிப் பையன் குண்டூசி.

வெண்கலத்துக்கு அப்படித் தோன்றவில்லை. தூங்காத மனிதர் எப்படி ராத்திரி முழுக்கப் பேருந்து ஓட்டுவார்? அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“மாமா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுப் பாருங்க. நாங்க விளையாடுறது உங்களுக்குக் கேக்கவே கேக்காது.”

“யாரு, நீயா சொல்றே?” என்றார் மாமா. தூக்கக் கலக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஒரு நாள் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் புது விதி வந்தது. காலில் செருப்பு கூடாது. யார் வாயிலிருந்து சத்தம் வந்தாலும் அவர் அவுட். அடுத்து அவர்தான் துரத்த வேண்டும். சிரிப்பும் சத்தம்தான்.

சிரிக்கக் கூடாது என்றால்தானே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்? பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு ஓடினார்கள். வழுக்கி விழுந்த குண்டூசி, முழங்காலை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். வெண்கலம் கைக்குட்டையால் தன் வாயையே கட்டிக்கொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன? இவ்வளவு நல்ல ஆட்டம் அவர்கள் ஆடியதே இல்லை.

வெயில் தாழ்ந்தபோது மாமா நன்றாகத் தூங்கி எழுந்து, தேநீரோடு வாசலுக்கு வந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. வெண்கலம் குண்டூசியைத் துரத்திக்கொண்டிருந்தாள். இன்னும் ஓரடிதான். அவன் சட்டென்று வளைந்தான். அவள் கை நழுவியது.

“அடடா, விடாதே! பிடி, பிடி!”

முற்றமே அதிர்ந்தது. எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது மாமா.

வெண்கலம் கைக்குட்டையை அவிழ்த்தாள். “மாமா அவுட். அடுத்து நீங்கதான் துரத்தணும்.”

பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமா தேநீரைப் படியில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.